குப்பைக்கும் ஜாதியா?

குற்றாலத்து அருவியில் குளித்தால் பாவம் போகுமாம். போன பாவத்தை நாம் கண்டதில்லை; கரையில் கிடக்கும் ஷாம்பு உறைகளைத்தான் கண்டிருக்கின்றோம்.

வீட்டாரும் கடைக்காரரும் தத்தம் குப்பையை மக்குவது, மக்காதது, அபாயமானது என மூன்றாகப் பிரித்தே கொடுக்கவேண்டுமென்று மத்திய சர்க்கார் 2016-லேயே விதி செய்தது. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு சர்க்கார் 2019 ஜனவரி 1 முதல் தடுத்தது.

எச்சில் சோற்றோடு சவரப் பிளேடையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் தென்காசிக் கனவான்களைக் கேட்கின்றோம்: அதைப் பிரிக்கும்போது அறுபடும் கை யாருடையது? அந்தக் கைக்கு அவ்வேலையை விதித்தது முனிசிபாலிட்டியா, ஜாதியா?

சர்க்கார் விதியை மீறத் துணிகிறவர்கள் ஜாதி விதிக்கு மாத்திரம் அடங்குவானேன்? காசி விசுவநாதர் தட்டில் காசு போடச் சோம்பாத கை, குப்பையைப் பிரித்துப் போடச் சோம்பலாமா?

தோழர்களே! தன் அழுக்கைத் தானே பிரிப்பதும் சுயமரியாதையே.