சபுராளி வீட்டுக் கோடைச் செய்தி



கோடை தொடங்கிவிட்டால் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களின் தெருக்களில் அத்தர் மணம் கூடிவிடும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வளைகுடாப் பள்ளிகளின் விடுமுறையால் விமானக் கட்டணம் ஏறிவிடும் என்பதால், குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வாழும் சபுராளிகள் பலர் ஏப்ரலிலேயே ஊர் திரும்பி விடுகின்றனர். அத்தகைய ஓர் இளந்தம்பதியர் வீட்டுச் செய்தியை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். பெயர் வேண்டாம். உங்கள் தெருவிலேயே அவர்கள் இருக்கக்கூடும்.

நிக்காஹ் முடிந்த மூன்றாம் மாதமே மாப்பிள்ளை தம்மாமுக்குப் பயணம் போனார். 22 மாதங்கள் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறார். இடையில் பிறந்த பெண் குழந்தைக்கு 14 மாதம். கைப்பேசித் திரையைக் கண்டால் "வாப்பா" என்று முத்தமிடும் அக்குழந்தை, நேரில் வந்த வாப்பாவைக் கண்டதும் வீறிட்டழுது உம்மம்மாவின் தோளில் முகம் புதைத்துக் கொண்டதாம். அவர் மடியில் அமர ஒரு வாரம் ஆயிற்று. வீட்டார் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கின்றனர். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை.

விடுப்பு 45 நாட்கள். அவற்றுள் 20 நாட்கள் விருந்திலேயே கழிந்தன. இதற்கிடையில் அவர்களுடைய வருங்காலத்தை மற்றவர்கள் திட்டமிட்டு முடித்திருந்தனர். பெண்ணின் தகப்பனார், தம் வீட்டின் மேல் மருமகன் பணத்தில் ஒரு மாடி எழுப்ப மேஸ்திரியை அழைத்துவிட்டார். மாப்பிள்ளையின் தாயாரோ, இளைய மகளின் நிக்காஹ் செலவுக்குக் கணக்குப் போட்டுவிட்டார். இருவருக்கும் தீய எண்ணம் கிடையாது. உரியவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவே.

பால்குடி மறக்கச் செய்வதைப் பற்றிக்கூட, தாயும் தந்தையும் இசைந்து, கலந்தாலோசித்து முடிவெடுப்பதைத் திருக்குர்ஆன் (2:233) எடுத்துரைக்கின்றது. நம் இல்லங்களிலோ பத்தாண்டு, இருபதாண்டுப் பிரிவைப் பற்றிக் கணவனும் மனைவியும் ஒரு மாலைப் பொழுதேனும் அமர்ந்து மஷூரா செய்வதில்லை. கணவரைப் பிரிந்த பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்து, போர்வீரர்களின் பிரிவுக்கு எல்லை வகுத்தார்கள் என்பதை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். அந்த எல்லை நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. 22 மாதம் என்று எந்த அறிவிப்பிலும் இல்லை!

இந்தப் பெண் படித்தவள். ஒருநாள் இஷாவுக்குப் பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "மச்சான், உங்கள் சம்பளம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டாள். அதுவரை அவள் அதை அறியமாட்டாள். அவரும் மறைக்க நினைத்தவரல்லர், யாரும் கேட்டதில்லை.

தாயையும் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்வதென்றால் என்ன ஆகும் என்று முதலில் பார்த்தனர். சவூதியில் வெளிநாட்டுத் தொழிலாளரின் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் என 2017 ஜூலையில் தொடங்கிய கட்டணம், ஆண்டுதோறும் ஏறி 2020 ஜூலையில் 400 ரியாலை எட்டியது. இருவருக்கு மாதம் 800. ஆண்டுக்கு 9,600 ரியால். நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல். வீட்டு வாடகை தனி. அவர் சம்பளத்தில் அது ஆகாது என்று இருவருக்கும் ஒருசேரப் புரிந்தது. அவர் சொல்லி அவள் கேட்டுக்கொள்வதற்கும், இருவரும் கூட்டிப் பார்த்து அறிவதற்கும் எவ்வளவு வேறுபாடு!

பிறகு எழுந்த கேள்வி, எத்தனை ஆண்டு என்பது. அவள் பி.எட். படிக்க விரும்புகிறாள், இரண்டாண்டுப் படிப்பு. அதுவரை அவர் அங்கிருப்பது, பின்னர் ஊரில் கடை வைப்பதா, மீண்டும் பயணமா என்று அப்போது பேசுவது என்று முடிவு செய்தனர். ஆனால் இனி ஆண்டுக்கொரு முறை வரவேண்டும் என்பது அவள் நிபந்தனை. சவூதி தொழிலாளர் சட்டப்படி ஆண்டுக்கு 21 நாள் ஊதிய விடுப்பு உண்டு. ஐந்தாண்டு ஒரே முதலாளியிடம் பணியாற்றினால் 30 நாள். இரண்டாண்டு விடுப்பைச் சேர்த்து வைத்து வரும் பழக்கம் பயணச் செலவை எண்ணி நம்மவர்கள் செய்துகொண்டது. குழந்தை அழுத அழுகைக்கு முன் ஒரு டிக்கெட்டின் விலை பெரிதா என்று அவள் கேட்டாளாம். நானும் அவள் பக்கமே.

தங்கையின் நிக்காஹ்வுக்கு ஒரு தொகை ஒதுக்கினர். கைக்கூலி கேட்கும் இடம் வேண்டாம் என்று தாயாரிடம் மகனே சொல்லிவிட்டார்.

மாடிதான் சிக்கல். மகளுக்கு வீடு கொடுப்பது நம் ஊர் வழக்கம். இவளுக்குக் கீழே இன்னொரு தங்கை இருக்கிறாள். நிலமும் வீடும் தாயார் பெயரில், பணம் மருமகனுடையது. நாளை இளையவளுக்கு மாப்பிள்ளை வரும்போது மேல்மாடி யாருடையது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆன் (2:282) நீண்டதொரு வசனத்தில் கட்டளையிடுகிறது. நாமோ உறவுக்குள் எழுத்து எதற்கு என்கிறோம். சகோதரிகளுக்கிடையே பேச்சற்றுப் போன வீடுகள் நம் ஊர்களில் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மாடிப் பகுதி மூத்தவளுக்கு என்று பத்திரம் எழுதிப் பதிவு செய்த பிறகே செங்கல் இறக்குவது என்று தம்பதியர் சொன்னபோது, தகப்பனார் முகம் வாடியது. "எங்களை நம்பவில்லையா?" என்றார். "நம்பிக்கை இருக்கும்போதே எழுதினால்தான் வாப்பா மனம் நோகாது," என்றாள் மகள். தாயார் உடனே ஒப்புக்கொண்டார். தகப்பனார் இரண்டு நாட்கள் மருமகனுடன் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பத்திரம் எழுதுபவரிடம் செலவு விசாரித்துவிட்டு வந்தார்.

பி.எட். விண்ணப்பத்துக்குச் சான்றிதழ்களை எடுத்து வைத்திருக்கிறார்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உம்மம்மா சம்மதித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு மே மாதக் கடைசியில் பயணம். அதற்குள் பதிவு முடிய வேண்டும். நாள் இன்னும் குறிக்கவில்லை.