கை தூக்குங்க சார்!

துப்பாக்கி வைத்திருப்பவன் எதிராளியைப் பார்த்து 'ஹேண்ட்ஸ் அப்!' என்பதுதான் உலக வழக்கம். துப்பாக்கி வைத்திருப்பவனே கை தூக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு என்பது அடியேனுக்கு 53-வது வயதில்தான் தெரிந்தது.

எல்லாம் அண்ணன் பெண்ணால் வந்த வினை. ஊரில் மற்ற பெண்கள் யோகா, கீபோர்டு என்று வகுப்புக்குப் போக, இவள் மட்டும் துப்பாக்கி சுடும் க்ளப்பில் சேர்ந்தாள். "சித்தப்பா, நீங்களும் வாங்க. மனசு ஒருமுகப்படும், தொப்பையும் குறையும்" என்றாள். துப்பாக்கி சுட்டால் தொப்பை எப்படிக் குறையும் என்று நான் கேட்கவில்லை. சின்ன வயசு ஆசை, கண்ணை மறைத்தது.

மெம்பர் ஆவது சாதாரண விஷயமில்லை. டாக்டர் சர்டிபிகேட், போட்டோக்கள், போலீஸ் விசாரணை. வீட்டுக்கு வந்த கான்ஸ்டபிள், "சாருக்கு யார் கூடவாவது விரோதம் உண்டா?" என்று கேட்க, உள்ளேயிருந்து என் தர்மபத்தினி, "பக்கத்து வீட்டு மோட்டார் தண்ணி விஷயத்தைச் சொல்லிடுங்க" என்று குரல் கொடுத்தாள். அதையும் தாண்டித்தான் சேர்ந்தேன்.

ஆறு மாசம் காற்றுத் துப்பாக்கி. அப்புறம்தான் பாயிண்ட் டூ டூ செமி ஆட்டோமேடிக் பிஸ்டலைக் கையில் கொடுத்தார் மாஸ்டர். வேலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ரிடையரானவர். பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் மூன்று பேசுவார்.

செமி ஆட்டோமேடிக் என்றால் என்ன? ஒரு தடவை விசையை இழுத்தால் ஒரே ஒரு குண்டுதான் போகும். ஆனால் அடுத்த குண்டுக்கான ஏற்பாட்டை அதுவே பார்த்துக்கொள்ளும். தோட்டா வெடித்த வேகத்தில் காலி ஓடு பின்னால் தள்ளப்பட்டு, மேலே இருக்கும் ஸ்லைடும் பின்வாங்கும். போகிற போக்கில் ஒரு கொக்கி காலி ஓட்டைப் பிடித்துக்கொண்டு வர, ஒரு சின்ன முட்டு அதைத் தட்டி வெளியே எறியும். ஸ்பிரிங் ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும்போது, மேகஸின் உச்சியில் காத்திருக்கும் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள்.

நம்ம டவுன் பஸ் மாதிரிதான். ஒருத்தர் இறங்கவேண்டும், ஒருத்தர் ஏறவேண்டும், ரைட்! இறங்குகிறவர் படியில் மாட்டிக்கொண்டாலோ, ஏறுகிறவர் தலையை இடித்துக்கொண்டாலோ வண்டி நகராது. ஜாம்.

நான் சுட ஆரம்பித்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. நான்காவது குண்டு. விசையை இழுத்தேன். 'டிக்'. அவ்வளவுதான்.

முப்பது வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியவன் நான். நின்றுபோன எதைக் கண்டாலும் குனிந்து பார்ப்பது என் ரத்தத்தில் ஊறியது. கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வருகிறதா, ப்ளக்கில் கரியா, மிக்ஸியில் என்ன சிக்கியிருக்கிறது... எல்லாம் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். அதே பழக்கத்தில் பிஸ்டலை என் பக்கம் திருப்பினேன், என்னதான் ஆச்சு பார்ப்போம் என்று.

பாதிகூடத் திரும்பவில்லை. என் மணிக்கட்டை ஒரு இரும்புக் கை பிடித்தது. மாஸ்டர்.

"சார்... இலக்கு பக்கம்."

பிஸ்டல் தானாகவே முன்பக்கம் திரும்பியது. "விரலை எடுங்க. முப்பது எண்ணுங்க."

எண்ணினேன். முப்பது வினாடி அவ்வளவு நீளமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. மாஸ்டர் மேகஸினை எடுக்கச் சொன்னார், ஸ்லைடைப் பின்னால் இழுக்கச் சொன்னார். தோட்டா துள்ளி வந்து விழுந்தது. அதன் அடி விளிம்பில் ஊசி குத்திய தழும்பு. குத்தியும் வெடிக்கவில்லை.

"இந்த ரகத் தோட்டாவுல வெடிமருந்தைப் பத்தவைக்கிற சரக்கு விளிம்புக்குள்ளதான் சார் இருக்கு. அது சுத்திலும் ஒரே சீரா பரவலைன்னா, ஊசி குத்தின இடத்துல சரக்கு இருக்காது. வெடிக்காது."

"அப்ப ஏன் முப்பது எண்ணச் சொன்னீங்க?"

"சில சமயம் பத்தறதுக்கு நேரமெடுத்து, அப்புறமா வெடிக்கும். எப்பவோ ஒரு தடவைதான். ஆனா அந்த ஒரு தடவை எதுன்னு தோட்டாவுல எழுதியிருக்காது."

இங்கிலீஷில் 'ஹேங் ஃபயர்' என்கிறார்கள். எனக்கு உடம்பு லேசாக வியர்த்தது. ஆனால் நிஜமாகவே வியர்த்தது அதற்கப்புறம்தான். நிமிர்ந்து பார்த்தேன். இடது பக்கத்து லேனில், நான் பிஸ்டலைத் திருப்பிய அந்த வட்டத்துக்குள்ளே, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அண்ணன் பெண் நின்றிருந்தாள். எதையும் கவனிக்காமல் இலக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அவள்தான் பேசிக்கொண்டே வந்தாள். நான் 'ம்' கொட்டினேன். அப்புறம் இரண்டு வாரம் க்ளப் பக்கம் போகவில்லை. முதுகு வலி என்று பொய் சொன்னேன்.

மூன்றாவது வாரம் மாஸ்டரே போன் செய்தார். "பயந்தவங்கதான் சார் நல்லா கத்துக்குவாங்க. வாங்க."

போனேன். அன்றைக்கு ஒரு குண்டுகூடச் சுடவில்லை. வெறும் பாடம். அவருடைய மூன்று வார்த்தைச் சிக்கனத்தைக் கைவிட்டு அன்றைக்குத்தான் பேசினார்.

துப்பாக்கி மக்கர் பண்ணினால் முதலில் காதால் கேட்கவேண்டுமாம். 'டிக்' என்று மட்டும் கேட்டால், முகத்தை விலக்கி, குழாய் இலக்கைப் பார்த்தபடியே 30 வினாடி காத்திரு. 'டமால்' என்பதற்குப் பதில் நமத்த பட்டாசு மாதிரி 'பொட்' என்று கேட்டால் அதோடு நிறுத்து. குண்டு குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழாயே வெடிக்கும். சத்தமே இல்லாமல் விசை கொழகொழவென்று இருந்தால், ஸ்லைடு முழுசாக மூடவில்லை. தோட்டா பாதி வழியில் நிற்கிறது.

"எல்லாத்துக்கும் முதல் வைத்தியம் ஒண்ணுதான் சார். குழாய் முன்னால, விரல் வெளில. கோளாறு என்னன்னு அதுக்கப்புறம் யோசிக்கலாம்."

அப்புறம் என் பிஸ்டல் மட்டும் ஏன் மற்றவர்களுடையதைவிட அதிகமாக மாட்டிக்கொள்கிறது என்று கேட்டேன். மேகஸின் வாய் நசுங்கியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கரியும் மெழுகும் சேர்ந்து அடைத்திருக்கலாம் என்றெல்லாம் படித்துவைத்திருந்தேன். மாஸ்டர் என் பிஸ்டலை வாங்கினார். ஐந்து குண்டு. டம், டம், டம், டம், டம். ஒரு விக்கல்கூட இல்லை. திருப்பிக் கொடுத்தார். நான் சுட்டேன். இரண்டாவதிலேயே காலி ஓடு ஸ்லைடுக்கு நடுவில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.

"துப்பாக்கியில ஒண்ணுமில்ல சார். மணிக்கட்டுல இருக்கு."

விஷயம் இதுதான். ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகவேண்டுமானால், கீழே இருக்கும் உடம்பு அசையாமல் நிற்கவேண்டும். நான் பூங்கொத்து பிடிப்பது மாதிரி பிடித்திருந்தேன். கையும் சேர்ந்து பின்னால் போனதால் ஸ்லைடுக்கு ஓட இடமில்லை, காலி ஓடு வெளியே விழ நேரமில்லை. கோளாறைத் தேடிக்கொண்டு மெஷினுக்குள் குனிந்தேனே, அது இருந்தது பிடித்த கையில்! வீட்டில் பல வருஷமாக இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணன் பெண்ணின் அலமாரிக் கதவில் மனு பாக்கர் படம் ஒட்டியிருக்கும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கித் தகுதிச் சுற்று. அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 19. சுற்றின் நடுவில் துப்பாக்கி மக்கர் பண்ணிவிட்டது. சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் பொன்னான நிமிஷங்கள் போயின. 575 புள்ளி, 12-வது இடம். இரண்டே புள்ளியில் ஃபைனல் போச்சு. அது ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடுகிற ரகம், மெக்கானிஸம் வேறு. ஆனால் சட்டென்று எல்லாம் நின்றுபோகிற அந்தக் கணம் ஒன்றுதான். மூன்று வருஷம் கழித்து 2024 பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார். கலப்பு அணியில் சரப்ஜோத் சிங்குடன் இன்னொரு வெண்கலம். "நின்னு போச்சுன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல சித்தப்பா" என்பாள் எங்கள் வீட்டுப் பெண்.

போன வருஷம் அவளுக்கே அந்தச் சோதனை வந்தது. 25 மீட்டர் பிஸ்டல் போட்டி. வேகச் சுற்று. 7 வினாடி காத்திருப்பு, 3 வினாடி அவகாசம், அதற்குள் கையை உயர்த்தி ஒரு குண்டு. இப்படி ஐந்து தடவை. நான் பின்னால் நாற்காலியில் நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று, இரண்டு... மூன்றாவதில் சத்தமில்லை.

இரண்டு லேன் தள்ளி இன்னொரு பெண்ணுக்கும் அதே சுற்றில் மாட்டிக்கொண்டது. அந்தப் பெண் மின்னல் வேகத்தில் ஸ்லைடைப் படாரென்று இழுத்து, சிக்கிய தோட்டாவை வெளியே எறிந்தாள். சாட்சாத் சினிமா ஹீரோயின்! நான் என்னையறியாமல் கைகூடத் தட்டிவிட்டேன்.

நம்மவளோ சிலை மாதிரி நின்றாள். வலது கையில் பிஸ்டல், குழாய் இலக்குப் பக்கம். இடது கையை மட்டும் மெதுவாக மேலே தூக்கினாள். 'ஐயோ, ஏதாவது செய்யேன்டி!' என்று என் மனசு கதறியது.

ரேஞ்ச் ஆபீசர் வந்தார். வாங்கிப் பார்த்தார். குத்துப்பட்டும் வெடிக்காத தோட்டா. சுட்டவரின் தப்பில்லை, அனுமதிக்கக்கூடிய கோளாறு. மிச்சமிருக்கும் மூன்று குண்டுகளைச் சுட்டு வரிசையை முடிக்கலாம் என்று தீர்ப்பு. அந்த இன்னொரு பெண்ணுக்கு? ஆபீசர் பார்ப்பதற்கு முன் துப்பாக்கியைத் திறந்துவிட்டதால் சலுகை இல்லை. சுடாத குண்டுகளுக்கெல்லாம் பூஜ்யம். உலகம் முழுக்க விதி இதுதான். பாதுகாப்புக் கொக்கியை விடுவிக்க மறந்தால், தோட்டா போட மறந்தால், விசையை முழுசாகத் திரும்ப விடாமல் மறுபடி இழுத்தால், எல்லாம் நம் தப்பு. மன்னிப்பு கிடையாது. துப்பாக்கியின் தப்புக்கு மன்னிப்பு உண்டு, அதுவும் கையை வைக்காமல் காத்திருந்தால் மட்டும்.

அவளுக்கு ஏழாவது இடம்தான் கிடைத்தது. மாஸ்டர் சொன்ன பாராட்டு வழக்கம்போல மூன்றே வார்த்தை: "கை தூக்கினே. போதும்."

அண்ணனிடம் இதைச் சொல்லும்போது அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னேன். அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மாஸ்டரை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வாடா" என்றான்.

போன வாரம் காலை. சமையலறையில் குக்கர் ஏற்றி வெகு நேரமாகியும் விசில் வரவில்லை. வெயிட் பக்கத்தில் ஆவியும் இல்லை. பழைய ரத்தம். என்னதான் ஆச்சு என்று குனிந்து வெயிட்டில் கை வைக்கப் போனேன்.

"தொடாதீங்க!" என்றாள் என் மனைவி, கரண்டியை நீட்டியபடி. "அடுப்பை அணைச்சுட்டுத் தள்ளி நில்லுங்க. ஆறட்டும்."

அடுப்பை அணைத்தேன். இரண்டடி பின்னால் போய், இடது கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.