குதிக்கத் தெரிந்தால் போதுமா?

கேன்யனிங் என்ற பெயர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். மலையிடுக்கில் ஓடும் ஓடையோடு சேர்ந்து நாமும் கீழே இறங்குவதுதான் அது. வழுக்குப் பாறையில் சறுக்க வேண்டும், அருவியில் கயிறு கட்டி இறங்க வேண்டும், தேங்கிய தண்ணீரில் குதிக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகன் பக்கம் போனால், அதுவரை கயிற்றையே தொடாதவர்கள்கூட ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அரை நாளில் செய்து பார்த்துவிடலாம்.

முதல் தடவை போகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு உயரத்திலிருந்து குதிக்கணும்?"

கேட்க வேண்டியது அதுவல்ல. குதிக்கும் இடத்தின் ஆழத்தை வழிகாட்டி பார்த்துச் சொல்லிவிடுவார். பெரிய ஆபத்து கண்ணுக்கே தெரியாத இடத்தில், ஓடையின் மேல்பகுதியில் பெய்யும் மழையில் இருக்கிறது. இருபுறமும் செங்குத்துப் பாறை. வெள்ளம் வந்தால் நினைத்த இடத்தில் ஏறித் தப்பிக்க முடியாது.

1999 ஜூலை 27 அன்று இன்டர்லாகன் அருகே சாக்ஸட்பாக் ஓடையில் இதுதான் நடந்தது. மலைமேல் இடியுடன் மழை கொட்ட, திடீர் வெள்ளம் வந்து 21 பேர் இறந்தார்கள். அதில் 3 பேர் வழிகாட்டிகள்! அனுபவசாலிகளையே அடித்துப்போன வெள்ளத்தில் புதியவர்கள் என்ன செய்திருக்க முடியும்? 2001-ல் நீதிமன்றம் பயணத்தை நடத்தியவர்களில் 6 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2014 முதல் அந்நாட்டில் இத்தகைய விளையாட்டுகளை நடத்துவதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

ஆனால் சட்டம் ஒவ்வொரு ஓடைக்கும் வந்து வானத்தைப் பார்க்காது. பயணத்தை ரத்து செய்தால் நடத்துபவருக்கு அன்றைய வருமானம் போச்சு. சுற்றுலா வந்தவருக்கோ கையில் இருப்பது அந்த ஒரு நாள்தான். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், லேசான தூறல்தானே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆக இரண்டு பக்கமும் 'போகலாம்' என்பதற்குத்தான் சாதகம். 'வேண்டாம்' என்று சொல்ல ஆளில்லை.

"சாகசம் என்றால் ஆபத்து இருக்கத்தானே செய்யும்?" என்று சிலர் கேட்கலாம். சரிதான். ஆனால் தெரிந்து எடுப்பதுதான் துணிச்சல். தண்ணீரின் நிறம் மாறினால் என்ன அர்த்தம் என்று தெரியாத புதியவர், காசு கொடுத்து வாங்குவது வழிகாட்டியின் அறிவைத்தான். அந்த அறிவு 'இன்று வேண்டாம்' என்று சொல்லும்போது மட்டும் சண்டை போட்டால் எப்படி?

எனவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: மழை வந்தால் யார் முடிவெடுப்பார்? ரத்தானால் வேறு நாளா, பணம் திரும்ப வருமா? இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில், எவ்வளவு மலிவாக இருந்தாலும், கயிற்றைத் தொடாதீர்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். கேன்யனிங்கில் ஆழத்தோடு வானத்தையும் பார்க்க வேண்டும்.