பொட்டலும் ஒரு தொட்டிலே!

கடற்கரைப் பறவைகளின் இனத்தைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுதப் போகிறோம் என்றதும் தோழியர் சிரித்தனர். "எரியோட்டில் கடல் எங்கேயடி இருக்கிறது?" என்று கேலி செய்தனர். உண்மைதான். நம் ஊரில் கடல் இல்லை. கரடும், முருங்கைத் தோட்டமும், மானாவாரிக் காடும், கோடையில் வெடித்துக் கிடக்கும் குளமுமே உண்டு. ஆயினும் கடற்காகம், ஆலா, உள்ளான் ஆகியவற்றோடு பறவை நூலார் ஒரே வரிசையில் வைத்து எண்ணும் பறவை ஒன்று நம் பொட்டலில் வாழ்கிறது. அதுதான் ஆள்காட்டி. நம் பாட்டிமார் அதனை 'ஆக்காட்டி' என்பர்.

குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு வரும் பழுப்புத்தலைக் கடற்காகம் நமக்கு விருந்தாளி மட்டுமே. முட்டையிட அது லடாக், திபெத் முதலிய இடங்களின் ஏரிகளுக்குத் திரும்பிவிடும். ஆள்காட்டியோ நம் வீட்டுப் பிள்ளை. இம்மண்ணிலேயே பிறந்து, இம்மண்ணிலேயே குஞ்சு பொரிப்பது. நீர்நிலை ஓரம் சிவப்பு மூக்கு ஆள்காட்டியும், வறண்ட நிலத்தில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டியும் வாழும்.

இப்பறவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையில் சிறு குழி பறித்து, சுற்றிலும் கூழாங்கற்களை வைத்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். பழுப்பு நிறத்தில் கரும்புள்ளிகள் கொண்ட அம்முட்டைகள் மண்ணோடு மண்ணாய்க் கலந்துவிடும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இதுவே இதன் வேலை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ 28 முதல் 30 நாட்கள் அடைகாக்கும். கோடை வெயிலில் முட்டையைச் சூடேற்றுவதைவிடக் குளிர வைப்பதே பெரும்பாடு. ஆகவே தாய்ப் பறவை நீர்நிலைக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளின் மேல் அமரும். குடம் சுமக்கும் நம் அன்னையரை இது நினைவூட்டவில்லையா?

இவற்றை எல்லாம் நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. ஒரு பிழை செய்து, அதன் பின்னரே அறிந்தோம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம், காலையில் பள்ளிக்கு வரும் வழியில் ஒரு தரிசு நிலத்தின் குறுக்கே நடந்தோம். இரண்டு ஆள்காட்டிகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. ஏன் கத்துகின்றன என்று தேடினோம். நான்கு முட்டைகளைக் கண்டோம். அறிவியல் ஆசிரியையிடம் காட்டிப் பாராட்டுப் பெறலாம் என்னும் ஆசையில் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டு வந்தோம். சிஸ்டர் கோபிக்கவில்லை. முட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை நாள் அடைகாக்க வேண்டுமோ தெரியாது. யார் அடைகாக்கப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. மாலை மணி அடித்ததும் ஓடிப் போய் அதே குழியில் வைத்தோம்.

அந்த வாரம் கோடை மழை பெய்தது. அந்நிலம் எங்களில் ஒருத்தியின் பெரியப்பாவுக்கு உரியது. அவர் உழவுக்கு டிராக்டர் பேசிவிட்டார். நாங்கள் சென்று வேண்டினோம். "ஈரம் காய்ந்தால் உழவு போச்சு. வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை. நான்கு முட்டைக்காக நான் காத்திருக்க முடியுமா, அம்மா?" என்றார். அவர் கேட்டதும் நியாயமே. "காத்திருக்க வேண்டாம் பெரியப்பா, ஒரு கட்டில் போடும் இடம் மட்டும் விட்டு உழுங்கள்" என்றோம். அவர் சிரித்தார், ஆனால் விட்டார். உழுத நிலத்தின் நடுவே அந்தச் சிறு திட்டில் பறவை அமர்ந்திருந்ததைத் தொலைவில் நின்று பார்த்தோம்.

மூன்று குஞ்சுகள் பொரிந்தன. பொரித்த நாளிலேயே அவை பஞ்சு உருண்டைகள் போல ஓடத் தொடங்கிவிட்டன. தாய் கத்தியதும் அசையாமல் மண்ணோடு ஒட்டிக்கொண்டன. நான்காவது முட்டை மட்டும் குழியிலேயே கிடந்தது. அது நாங்கள் எடுத்த முட்டைதான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

இந்தப் பறவை அரியதா, என்ன? எங்கும் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இதன் உறவினமான ஆற்று ஆலாவும் ஒரு காலத்தில் நம் நாட்டு ஆறுகளில் எங்கும் கண்ட பறவையே. மணல் திட்டுகளிலும் அணைகளின் தீவுகளிலும் அது இடும் முட்டைகளை நாய்கள் தின்றன. திடீரெனத் திறந்துவிட்ட நீர் அடித்துச் சென்றது. இன்று அது அழிவை நோக்கும் பறவைகளின் பட்டியலில் உள்ளது. ஆள்காட்டியும் அரிதாகட்டும், அப்போது பார்க்கலாம் என்று இருப்பது அறிவுடைமை ஆகுமா?

நெதர்லாந்து நாட்டின் ஃப்ரீஸ்லாந்து மாநிலத்தில் ஆள்காட்டி இனப் பறவை ஒன்றின் முதல் முட்டையைத் தேடி எடுப்பது பழைய வழக்கம். இன்று அம்மக்கள் முட்டையை எடுப்பதில்லை. கூட்டைக் கண்டுபிடித்து, உழவர் விலகிச் செல்ல அடையாளம் வைக்கின்றனர். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

நாம் செய்ய வேண்டியவை சிலவே. தலைக்கு மேல் ஆள்காட்டி கத்தினால் தேடாமல் திரும்பி நடப்போம். நாம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் வெயிலில் வேகின்றன. கோடை உழவுக்கு முன் நிலத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்கும்படி வீட்டில் சொல்வோம். நாயை அவிழ்த்துவிடாதிருப்போம். முட்டைகளை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே ஆகும் என்பதைத் தம்பிமார்க்கும் எடுத்துரைப்போம்.

பஞ்சதந்திரத்தில் ஒரு கதை உண்டு. டிட்டிபம் என்னும் பறவையின் முட்டைகளைக் கடல் கவர்ந்துகொண்டது. டிட்டிபம் என்பது ஆள்காட்டியே என்பர். அச்சிறு பறவைக்காகக் கருடன் திருமாலிடம் முறையிட, கடல் அஞ்சி முட்டைகளைத் திருப்பிக் கொடுத்தது. நம் ஊர் ஆள்காட்டிக்குக் கடலால் தீங்கு இல்லை, நம்மால்தான் தீங்கு. கடல் திருப்பிக் கொடுத்த முட்டைகள் பிழைத்தன. நாங்கள் திருப்பிக் கொடுத்த முட்டை பிழைக்கவில்லை.

ஆதலால் எடுக்காமல் இருப்பதே நன்று. ஒன்றுக்கும் உதவாத பொட்டல் என்று நாம் சொல்லும் நிலத்தில் ஒரு தொட்டில் இருக்கலாம். பார்த்து நடப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி