ஏற்றம் எதிரியா? சைக்கிளில் போர்ச்சுகல்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)



சைக்கிளில் சுற்றுலா என்று சொன்னாலே நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். அதுவும் மேடும் பள்ளமுமான நாட்டில், பின்னால் சுமையைக் கட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் என்றால் "வேற வேலையே இல்லையா?" என்று கேட்போம். ஆனால் போர்ச்சுகல் நாட்டுக்கு இதற்காகவே ஆண்டுதோறும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். மதில் சூழ்ந்த பழைய ஊர்கள், திராட்சை பயிரிட்ட மலைச்சரிவுகள், கல் பாவிய தெருக்கள் என எல்லாவற்றையும் மிதித்தே பார்க்கிறார்கள்.

அந்த நாட்டை நான் கண்டதில்லை. நூலகத்தில் படித்ததும், வரைபடத்தில் விரல் வைத்துத் தேடியதும், போய் வந்தவர்கள் எழுதியதும்தான் எனக்கு ஆதாரம். படிக்கப் படிக்க ஒரு கருத்து எனக்குள் உறுதியானது. மேட்டு நாட்டைப் பார்க்க ஏற்ற வண்டி சைக்கிள்தான். ஏற்றம் அதற்குப் பெரிய தடை இல்லை. பெரிய தடை வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊர்களைப் பார்ப்போம். ஸ்பெயின் எல்லையோரம் மார்வாவ் என்று ஒரு சிற்றூர். சுமார் 860 மீட்டர் உயரத்தில், பாறை உச்சியில், சுற்றிலும் மதிலோடு நிற்கிறது. காரில் போகிறவர் சில நிமிடத்தில் மேலே ஏறி, நாலு போட்டோ எடுத்து இறங்கிவிடுவார். சைக்கிளில் போகிறவருக்கு அப்படி முடியாது. வளைந்து வளைந்து ஏறும்போது மேலிருந்து கோட்டை அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். மூச்சு வாங்கும்போதுதான் அவருக்குப் புரியும், எதிரிப் படையும் இப்படித்தானே கவசத்தையும் ஆயுதத்தையும் சுமந்துகொண்டு ஏறியிருக்கும் என்று! மதிலைவிட மலைதான் அந்த ஊருக்குப் பெரிய காவல். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, முழங்கால் சொல்லித் தெரிந்துகொள்வது வேறு.

தெற்கே எவோரா நகரம். 1986-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. ரோமானியர் கட்டிய கோயிலின் தூண்கள் நகர நடுவில் இன்றும் நிற்கின்றன. நம்மைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது அங்குள்ள தொட்டிப்பாலம். 1530-களில் கட்டி, சுமார் 18 கிலோமீட்டர் தூரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். பம்பும் இல்லை, மோட்டாரும் இல்லை. சரிவை மட்டுமே நம்பிய வேலை. நகருக்குள் வரும் இடத்தில் அதன் வளைவுகளுக்கு இடையே ஜனங்கள் வீடும் கடையும் கட்டிக்கொண்டார்கள். நகருக்கு வெளியே அந்தக் கால்வாயை ஒட்டி நடக்கவும் சைக்கிள் விடவும் பாதை இருக்கிறது. தண்ணீர் மெதுவாக இறங்கும் வழி என்பதால் மிதிப்பவருக்கும் சிரமம் தெரியாது. நாம் சர்வே வகுப்பில் லெவல் எடுத்துப் படிப்பதை அங்கே சக்கரத்தில் உணரலாம்.

வடக்கே டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. 1756-லேயே எல்லை வகுத்து, இந்த எல்லைக்குள் விளைவதுதான் இந்தப் பகுதியின் ஒயின் என்று வரையறுத்த இடம். ஆற்றோரமாக ரேகுவா ஊரிலிருந்து பின்யாவ் வரை சாலை ஏறக்குறைய மட்டமாகவே போகும். ஒரு கிராமத்தைப் பார்க்கலாம் என்று பக்கத்தில் திரும்பினால் போச்சு, ஏற்றம்தான்! இரு பக்கமும் படிப்படியாகத் தோட்டம். அந்தப் படிகளின் கல் சுவர்களை மனிதர்கள் கையால் அடுக்கினார்கள். கீழேயிருந்து படகில் பார்த்தால் அது அழகு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதன் ஓரமாக ஏறினால் அது உழைப்பு என்று தெரியும். விளைந்த ஒயினைப் 'பிப்பா' என்னும் மரப் பீப்பாய்களில் நிரப்பி, படகில் ஏற்றிப் போர்ட்டோ நகருக்கு அனுப்பினார்கள். நம்முடைய 'பீப்பாய்' அந்தச் சொல்தான். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை என்று தினமும் நாம் சொல்லும் வார்த்தைகளும் அங்கிருந்து கப்பலில் வந்தவையே.

இனி ஏற்றத்துக்கு வருவோம். நமக்குத் தெரிந்த கணக்குதான். ஆள், சைக்கிள், சுமை எல்லாம் சேர்த்து 90 கிலோ. ஏற வேண்டிய உயரம் 100 மீட்டர். சரிவு நூற்றுக்கு ஐந்து என்றால் சாலையின் நீளம் 2 கிலோமீட்டர். செய்ய வேண்டிய வேலை 90 × 9.81 × 100, அதாவது சுமார் 88 கிலோ ஜூல். இருபது நிமிடத்தில் ஏறினால் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர், தேவைப்படும் திறன் சுமார் 74 வாட். உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்தாலும் ஒரு நூறு வாட் குண்டு பல்புக்குள் அடங்கிவிடும். உடம்பில் நோய் நொடி இல்லாத சாதாரண ஆளால் இதைக் கொடுக்க முடியும்.

பிறகு ஏன் நாம் மேட்டைக் கண்டதும் இறங்கித் தள்ளுகிறோம்? நம்ம சாதா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 5.4 மீட்டர் ஓடும். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏற நிமிடத்துக்கு 18 அல்லது 19 சுற்று. ஒவ்வொரு மிதியும் யானை பலம் கேட்கும். சுற்றுலா சைக்கிளில் முன்னால் 26, பின்னால் 34 பல்லுக்கு மாற்றினால் ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர்தான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க வேண்டும். ஆனால் காலில் விழும் பாரம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. வேலை குறையவில்லை, விசைதான் குறைந்தது. முதலாண்டு பாடம் இது! பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோனோம்.

சரி, கியரைப் பற்றி நன்றாகத் தெரிந்த நாடு எது? அதே போர்ச்சுகல்தான்! 2019-ல் அங்கே சுமார் 27 லட்சம் சைக்கிள்கள் தயாராயின. அந்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதுதான் முதலிடம். ஆகெடா என்ற ஊரும் சுற்றுப்புறமும் சைக்கிள் தொழிலுக்குப் பேர் போனவை. ஆனால் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால், வேலைக்கோ படிப்புக்கோ சைக்கிளில் போகிறவர்கள் அங்கே நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. செய்வது இவர்கள், ஓட்டுவது வெளிநாட்டுக்காரர்கள்!

கேட்டால் "எங்க ஊர் மேடு" என்று காரணம் சொல்லலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சமவெளியான ஊர்களிலும் கார்தானே நிறைந்திருக்கிறது? என் எண்ணம் இதுதான். 1974 வரை அந்த நாடு சர்வாதிகாரத்தில் இருந்தது. ஏழ்மை தாங்காமல் ஏராளமானோர் பிரான்ஸ் போன்ற நாடுகளுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். 1986-ல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பிறகு பணம் வந்தது, பெரிய சாலைகள் வந்தன, கார் வந்தது. சைக்கிள் பழைய வறுமையின் அடையாளமாகிவிட்டது. அதை யார் மறுபடி தொடுவார்?

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா இன்றும் சைக்கிள் கேரியரில் கீரைக்கட்டு வைத்துத் தெருத்தெருவாக விற்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள். "டிப்ளமோ படிக்கிற புள்ள, இன்னுமா சைக்கிள்ல போற?" என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் எங்களைப் படிக்க வைத்த வண்டியைப் பார்த்து நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? போர்ச்சுகலில் ஏற்றம் ஏறுகிற டாக்டரும் பேராசிரியரும் வெட்கப்படுவதில்லையே!

"அவன் பணக்காரன், பொழுதுபோக்குக்கு மிதிக்கிறான். உன் அப்பா வயிற்றுக்கு மிதிக்கிறார். ரெண்டும் ஒண்ணா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ரெண்டும் ஒன்றல்ல. அதனால்தான் சுற்றுலா வருகிறவருக்கு மட்டும் வசதி செய்தால் போதாது என்கிறேன். விசேயு நகரிலிருந்து சாந்தா கொம்பா டாவ் வரை 49 கிலோமீட்டர் பழைய மீட்டர்கேஜ் ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக மாற்றி 2011-ல் திறந்தார்கள். 1890-ல் தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டு ரயில் ஓடிய தடம் அது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மலை நாட்டில் இருந்தும் அந்தப் பாதை சிறுவர்களும் வயதானவர்களும் ஓட்டக்கூடியது. மிக நல்ல காரியம். ஆனால் விசேயு நகரத்துக்கு இன்றுவரை ரயில் இல்லை. சைக்கிள் பாதையைப் பாராட்டும்போது, ரயிலை இழந்த ஜனங்களையும் நினைக்க வேண்டும். உள்ளூர்க்காரர் பள்ளிக்கும் சந்தைக்கும் போக உதவினால்தான் அந்தப் பாதைக்கு முழுப் பயன்.

சட்டமும் கைகொடுக்க வேண்டும். 2014 முதல் அங்கே சைக்கிளைத் தாண்டும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. மிதிக்கிறவனும் மனிதன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்களே, அது ஒரு தொடக்கம்.

எனக்கும் ஒருநாள் அங்கே போக ஆசை. கோயிம்பிரா என்று ஒரு நகரம் உண்டு. 1290-ல் தோன்றிய அந்த நாட்டின் பழைய பல்கலைக்கழகம் அங்கே குன்றின் மேல் இருக்கிறது. கீழிருந்து ஏறும் ஒரு படிக்கட்டுச் சந்துக்கு 'முதுகொடிச்சான்' என்று பொருள்படும் பெயர். அங்கே எந்தக் கியரும் உதவாது, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். படிப்பு இருக்கும் இடத்துக்கு ஏறுவது எங்கேயும் சுலபம் இல்லை போலிருக்கிறது!

நண்பர்களே, நாளைக்கு நாம் வேலைக்குப் போவோம். முதல் சம்பளத்தில் மோட்டார் பைக் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் நிற்கும் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பின்சக்கரத்தைக் கழற்றி, பெரிய பல் சக்கரம் ஒன்று மாட்டிப் பாருங்கள். மேட்டை ஏறலாமா, இறங்கித் தள்ளலாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.