85 விழுக்காட்டின் பெருமை

ஆரம்பநிலைக் கருப்பை வாய்ப் புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்பதை அறுவைக்கு முன்பே கணித்துவிடுவதாகக் கணினி மாதிரிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. 85 விழுக்காடு துல்லியம் என்று ஒன்று மார்தட்டுவதாகக் கொள்வோம். 100 பெண்களில் 15 பேருக்குக் கணுவில் நோய் இருக்குமானால், 'எவருக்கும் பரவவில்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாதிரிக்கும் அதே 85 கிடைக்கும்! அந்த 15 பேரையும் அது கைவிட்டிருக்கும்.

கைவிடப்பட்டவளின் கதி என்ன? கருப்பையை அகற்றிய பின்னர்தான் கணுவில் நோய் இருப்பது நோய்க்கூறியல் அறிக்கையில் தெரியவரும். அதன்மேல் கதிர்வீச்சு, கீமோ. முன்பே தெரிந்திருந்தால் பெரும்பாலும் கத்தியே தேவைப்பட்டிராது. இப்போதோ இரண்டு சிகிச்சைகளின் பக்கவிளைவுகளையும் ஓருடல் சுமக்கிறது.

2018ஆம் ஆண்டின் ஃபிகோ நிலைப்பிரிப்பு, கணுவில் நோய் இருந்தால் கட்டி எவ்வளவு சிறிதாயினும் அதை 3சி நிலை என்றது. நோயைக் கண்டது படமா, நோய்க்கூறியலா என்பதையும் குறிக்கச் சொன்னது. காரணமில்லாமல் இல்லை. எம்ஆர்ஐ பெரிதும் கணுவின் பருமனையே நம்புகிறது, 2 மி.மீ.க்கும் குறைந்த நோய்த்திட்டு இயல்பான அளவுள்ள கணுவிலும் ஒளிந்திருக்கும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது. ஒரே மருத்துவமனையின் பழைய படங்களில் பயின்று, அங்கேயே தேர்வெழுதித் தேறிய மாதிரியை அவர்கள் எதற்காக நம்ப வேண்டும்? வேறோர் ஊரின் ஸ்கேனரில் அதைச் சோதித்தார்களா? தவறவிட்டது எத்தனை பேரை? அந்த எண்ணிக்கையை ஆய்வுச் சுருக்கத்தின் முதல் வரியில் எழுதட்டும். துல்லியம் இரண்டாம் வரிக்குப் போகட்டும்.