முதுநிலை ஆய்வேட்டுப் பணிக்கு நெறிமுறை வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
முதுநிலைக் கல்வியியல், உளவியல் மாணவர் சங்கம்.

பெறுநர்
மாண்பமை துணைவேந்தர் அவர்கள்.

பொருள்: எம்.எட்., எம்.எஸ்சி. உளவியல் ஆய்வேடு – கால அட்டவணை, பள்ளி அனுமதி, நெறியாள்கை, குழந்தைப் பாதுகாப்பு – நெறிமுறை வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எம்.ஃபில். நிறுத்தப்பட்ட பின், முனைவர் பட்டத்துக்குச் செல்லும் மாணவருக்கு முதுநிலை ஆய்வேடே முதல் ஆய்வுப் பயிற்சி. தேர்வு அச்சம், தன்மதிப்பு, கற்றல் ஊக்கம் என எங்கள் தலைப்புகள் பலவற்றுக்கும் தரவு தருவோர் பள்ளிக் குழந்தைகள். எனவே இப்பணியில் நேரும் குறை எங்கள் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை.

தற்போது தலைப்பு உறுதியாவதே நான்காம் பருவத்தில்தான். தரவு திரட்டச் செல்லும் ஜனவரி, பிப்ரவரியில் பள்ளிகளில் திருப்புதல் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடக்கின்றன. தலைமையாசிரியர் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியைக் கேட்கிறார். அந்த அலுவலகம் பல்கலைக்கழகக் கடிதம் கேட்கிறது. துறையிலோ மாணவரே பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். கடைசியில் கிடைக்கும் ஒரு பாடவேளையில் வகுப்பு முழுவதற்கும் வினாநிரலைக் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலக் கருவியின் தமிழாக்கத்தை முன்னோட்டம் பார்க்கவும் அவகாசம் இருப்பதில்லை.

ஆகவே கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. இரண்டாம் பருவ முடிவுக்குள் நெறியாளரும் தலைப்பும் உறுதியாக வேண்டும். காலாண்டுத் தேர்வு நாட்கள் நீங்கலாக, ஜூலை முதல் நவம்பர் வரை தரவு திரட்டும் காலமாக அறிவிக்க வேண்டும்.

2. ஆய்வு மாணவர் பட்டியலைப் பல்கலைக்கழகமே முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு அனுப்பி, ஒரே தடவையில் அனுமதி பெற்றுத் தர வேண்டும்.

3. ஒரு நெறியாளரிடம் ஐந்து மாணவருக்கு மேல் ஒதுக்கக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒரு சந்திப்பும் அதற்கான பதிவேடும் வேண்டும். கொடுத்த அத்தியாயத்துக்கு மூன்று வாரத்துக்குள் எழுத்து வடிவில் கருத்து தர வேண்டும். நெறியாளர் நீண்ட விடுப்பில் சென்றால் உடனே மாற்று நெறியாளரை நியமிக்க வேண்டும்.

4. உரிமம் பெற்ற உளவியல் சோதனைகளும், தமிழில் நம்பகமும் ஏற்புடைமையும் கணிக்கப்பட்ட கருவிகளும் துறை நூலகத்தில் இருக்க வேண்டும்.

5. துறைதோறும் ஆய்வு நெறிக்குழு அமைய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள், பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயதுவரை வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவும் கேட்கின்றன. எங்கள் ஆய்வுகளுக்கும் இதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

6. விடைகளை ரகசியமாக வைப்போம் என்று வாக்களித்தே வினாநிரலைக் கொடுக்கிறோம். ஒரு குழந்தை தற்கொலை எண்ணத்தை எழுதினால் என்ன செய்வது? பாலியல் வன்முறை தெரியவந்தால், போக்சோ சட்டம் 2012, பிரிவு 19 புகாரளிப்பதைக் கடமையாக்குகிறது. அந்த வாக்கின் எல்லை எது, அன்றே யாரிடம் தெரிவிப்பது, 1098 உதவி எண்ணை எப்போது அழைப்பது என்பதற்கு எழுத்துபூர்வ நடைமுறையும், களத்துக்குச் செல்லுமுன் ஒரு நாள் பயிற்சியும் வேண்டும்.

7. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் பிறர் எழுத்துகளோடு உள்ள ஒப்புமையை 10 சதவீதம் வரையே தண்டனையின்றி ஏற்கின்றன. ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஒருமுறை கட்டணமின்றிச் சரிபார்த்துத் தர வேண்டும்.

முதல் மூன்று கோரிக்கைகளுக்கும் பெரிய நிதி தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். 5, 6ஆம் கோரிக்கைகள் நிறைவேறும்வரை குழந்தைகளிடம் தரவு திரட்ட எந்த மாணவரையும் கட்டாயப்படுத்த வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்கிறோம். வரும் கல்வியாண்டு தொடங்குமுன் ஆணை பிறப்பிக்கவும், சங்கப் பிரதிநிதிகளை நேரில் சந்திக்க நேரம் ஒதுக்கவும் வேண்டுகிறோம்.



இடம்:
நாள்:

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்

நகல்: பள்ளிக் கல்வி இயக்குநர், கல்வியியல், உளவியல் துறைத் தலைவர்கள்.